கண்காணிப்பு முடியும் இடத்தில் தொடங்கும் அமானிதம்

கிழக்கு இலண்டனில் நாங்கள் வசிக்கும் வால்தம்ஸ்டோ பகுதியில் 1933 முதல் 2008 வரை நாய்ப் பந்தயத் திடல் ஒன்று இயங்கியது. இன்று அவ்விடத்தில் குடியிருப்புகள் எழுந்துள்ளன. பழைய முகப்பு மட்டும் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. இயந்திர முயலைத் துரத்தி ஓடும் கிரேஹவுண்டு நாய்களின் மீது மக்கள் அங்கே பணம் கட்டினர். சூதாட்டம் நமக்கு ஹராம் ஆதலால், அது நம்மைச் சாராத விஷயம் என்றே நம்மவர் பலரும் கருதுவர்.

எங்கள் தெருவில் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்டு ஒன்று வாழ்கிறது. அயர்லாந்தில் பிறந்த அதனை அண்டை வீட்டு மூதாட்டி ஒருவர் தத்தெடுத்து வளர்க்கிறார். அதன் காதுகளின் உட்புறத்தில் பச்சை குத்திய எழுத்துகளைக் கண்ட எங்கள் பிள்ளைகள் காரணம் கேட்டனர். அக்கேள்வியே பந்தய நாய்களுக்கான சட்டங்களை எங்களைப் படிக்க வைத்தது.

2006ஆம் ஆண்டு, வட இங்கிலாந்தின் சீஹாம் எனும் ஊரில் ஒருவர் பதினைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 10,000 பந்தய நாய்களைக் கொன்று புதைத்ததாக ஒரு செய்தித்தாள் வெளிப்படுத்தியது. அவை செய்த குற்றம், வேகம் குறைந்தது ஒன்றே. உரிமமின்றிக் கழிவு புதைத்ததற்காகவே அவர் மீது வழக்குத் தொடர முடிந்தது. அந்த அதிர்ச்சிக்குப் பின் 2010இல் இங்கிலாந்தில் பந்தய நாய்கள் நல விதிகள் நடைமுறைக்கு வந்தன.

அவ்விதிகளின்படி, பந்தயம் நடக்கும்போது கால்நடை மருத்துவர் திடலில் இருக்க வேண்டும். ஓடுமுன் ஒவ்வொரு நாயையும் அவர் பரிசோதிக்க வேண்டும். காதில் பச்சையும் தோலுக்கடியில் மைக்ரோசிப்பும் இருக்க வேண்டும். காயங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். திடலின் கொட்டில்களில் வெப்பநிலைக்கும் வரம்பு உண்டு.

இவை நல்ல விதிகளே. எனினும் இவை திடலின் வாசலோடு நின்றுவிடுகின்றன. நாயின் வாழ்நாளில் பெரும்பகுதி பயிற்சியாளரின் கொட்டிலில் கழிகிறது. அங்கே இவ்விதிகள் எட்டுவதில்லை. விலங்கு நலன் குறித்த பொதுச் சட்டமும் பந்தய அமைப்பின் சொந்த விதிகளுமே அங்கு உள்ளன. ஓய்வுக்குப் பின் புது வீடு தேடித் தரும் செலவுக்கென 2020இல்தான் அவ்வமைப்பு தனி நிதித் திட்டம் தொடங்கியது. விதிகள் போதா என்று கருதிய நியூசிலாந்து 2024இலும் வேல்ஸ் 2025இலும் இப்பந்தயத்தையே தடை செய்யப்போவதாக அறிவித்தன.

நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அவற்றுள் ஒரு முறை மண்ணால் கழுவ வேண்டும் என்பது ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் நம் வீடுகளில் சிறுவரும் அறிந்த சட்டம். அது தூய்மை பற்றியது. அதனைக் காட்டி இரக்கத்திலிருந்து விலகிக்கொள்ள நமக்கு அனுமதியில்லை. தாகித்த நாய்க்குக் காலணியில் நீர் மொண்டு புகட்டிய பெண் மன்னிக்கப்பட்டதையும், பூனையை அடைத்து வைத்து உணவின்றிச் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்டதையும் நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்துள்ளார்கள். அந்தக் கிணற்றடியிலும் பரிசோதகர் இல்லை. பூனை கிடந்த வீட்டிலும் இல்லை. சட்டத்தின் கண் படாத இரு இடங்களிலும் அல்லாஹ்வின் பார்வை இருந்தது.

ஆகவே, பந்தயத்தை நாம் வெறுப்பது போதுமானதன்று. நம் பொறுப்பில் உள்ள உயிர்களின் நிலை என்ன? கூண்டில் வளர்க்கும் கிளிக்கு இன்று நீர் மாற்றினோமா? நாம் வாங்கும் குர்பானி ஆடு அறுக்கப்படும் நாள்வரை எவ்வாறு நடத்தப்படுகிறது என்று விசாரித்தோமா? முட்டையிடுவதை நிறுத்திய கோழியையும் முதுமையடைந்த பூனையையும் பயன் முடிந்ததென்று கைவிடுகிறோமா? இக்கேள்விகளைக் கேட்க எந்த அதிகாரியும் நம் வாசலுக்கு வரப்போவதில்லை. நாளை மறுமையில் கேட்கப்படுவோம் என்ற அச்சமே நமக்குரிய காவல்.

வாயில்லா உயிர்களின் அமானிதத்தைப் பேணும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம்மையும் நம் சந்ததியினரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.