விடுப்பு என்ற சொல்

‘லீவு’ என்பதற்கு ஆங்கிலத்தில் பழைய அர்த்தம் அனுமதி. ஒருவர் கொடுக்க மற்றவர் பெற்றுக்கொள்வது. அதை நாம் ‘விடுப்பு’ என்று தமிழாக்கிக்கொண்டபோது விடுபடுதல் என்ற சாயையும் வந்து ஒட்டிக்கொண்டது. மகப்பேறு விடுப்பு என்ற தொடரில் இந்த இரண்டு அர்த்தங்களுமே பொருந்தவில்லை. பிள்ளை பெறுவது யாரும் அனுமதித்து நடக்கிற காரியமல்ல. பெற்றபின் எதிலிருந்தும் விடுபட்டுவிடுவதும் இல்லை. இருந்தும், வங்கிக் குமாஸ்தாவான என் வாழ்க்கையில் உடம்பும் மனசும் அதிகபட்சம் உழைத்த 6 மாதங்களை ஆபீஸ் இந்தச் சொல்லின் கீழ்தான் பதிந்து வைத்திருக்கிறது. நான் ‘வராத’ மாதங்கள் அவை.

இந்தப் பதிவேட்டின் பார்வை ஆபீஸோடு நின்றுவிடுவதில்லை என்பதால்தான் இதை இங்கே எழுதுகிறேன். பிரசவத்துக்கு முன்பு இலக்கிய நண்பர் ஒருவர் மிகுந்த வாஞ்சையுடன், ‘ஆறு மாசம் சம்பளத்தோட லீவு. பாக்கி நிக்கிற கட்டுரையை எல்லாம் முடிச்சுடுங்க’ என்றார். குழந்தை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்கு அழுதது. ஆபரேஷன் தையல் ஆறுவதற்குள் இரவு பகல் என்ற வித்தியாசம் போய்விட்டது. ஒரு கவிதையின் நாலாவது வரிக்கு வரும்போது முதல் வரி நினைவில் இல்லை. இதைச் சிந்தனை மழுங்கிப்போனதாக எடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. அழுகையின் ஸ்தாயியை வைத்து அது பசியா, வயிற்றுவலியா என்று பிரித்தறிய நான் செலுத்திய கவனம், எந்தக் கவிதைக்கும் செலுத்திய கவனத்துக்குக் குறைந்ததல்ல. அதற்கு அச்சேறும் ரூபம் கிடையாது, அவ்வளவுதான். வருஷம் ஒன்று போனபின் அதே நண்பர் இன்னொருவரிடம் நான் எழுதுவதை நிறுத்திவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். ஆபீஸ் ஏட்டின் அதே கட்டம் சிறுபத்திரிகை உலகத்திலும் இருக்கிறது.

சட்டத்தின் சரித்திரம் பெரும்பாலும் நாட்களைப் பற்றிய பேரம். 1919இல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு 12 வாரம் என்றது. 1928இல் பம்பாய் சட்டசபையில் மசோதா வந்தபோது அதை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், தாய்க்கு ஓய்வு கிடைப்பது தேசத்தின் நலன் என்றார். ஆகவே சுமையில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்க வேண்டும் என்பதையும் ஒப்புக்கொண்டார். 1929இல் பம்பாய் மாகாணச் சட்டம் வந்தது. 1961இல் வந்த மத்தியச் சட்டம் கொடுத்தது 12 வாரம். 2017இல் அது முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாயிற்று; 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 26. தமிழ்நாடு அரசு 2021இல் தன் ஊழியர்களுக்கு 12 மாதமாக உயர்த்தியது. இவை சாமான்யமான வெற்றிகள் அல்ல. ஆனால் அம்பேத்கர் தொட்ட விஷயம், யாருடைய செலவு என்பது, இன்னும் தீரவில்லை. இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராத தனியார் நிறுவனங்களில் 26 வாரச் சம்பளமும் முதலாளி தலையில்தான். கல்யாணமாகி ஒரு வருஷமான பெண் இண்டர்வியூவுக்குப் போய் உட்கார்ந்தால், எதிரே இருப்பவர் மனசில் என்ன கணக்கு ஓடும் என்று ஊகிக்கப் பெரிய பொருளாதார ஞானம் வேண்டாம்.

சில இடங்களில் எழுத்திலேயே கேட்டிருக்கிறார்கள். எல்.ஐ.சி.யின் படிவம் ஒன்று மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது, இதுவரை எத்தனை கர்ப்பம் என்றெல்லாம் விசாரித்தது. பிரசவ லீவு முடிந்து வந்த நீரா மாத்தூருக்குத் தகுதிகாண் பருவத்திலேயே வேலை போயிற்று. படிவத்தில் எழுதியதுதான் காரணம் என்று கண்டுகொண்ட சுப்ரீம் கோர்ட், 1991இல் அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னது. அந்தக் கேள்விகளையும் நீக்கச் சொன்னது. 30 வருஷம் கழித்து, 3 மாதத்துக்கு மேல் கர்ப்பமாக உள்ள பெண்கள் வேலையில் சேரத் தற்காலிகமாகத் தகுதியற்றவர்கள் என்று ஸ்டேட் வங்கியின் விதி சொன்னது. கண்டனம் கிளம்பியதும் 2022 ஜனவரிக் கடைசியில் அதை நிறுத்திவைத்தார்கள். ‘தகுதி’ என்ற சொல்லை விமர்சனத்தில் நாம் தாராளமாகப் புழங்குகிறவர்கள். அது எங்கெங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிற நாளைப் பற்றிச் சட்டத்துக்குக் கொஞ்சம் தெரியும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு முறை பாலூட்ட இடைவேளை உண்டு என்கிறது. என் குழந்தை 25 கிலோமீட்டர் தூரத்தில், பாசஞ்சர் ரயிலின் மறுமுனையில், என் அம்மாவிடம் இருந்தது. பதினோரு மணிக்குக் கேஷ் கவுண்ட்டரில் கூட்டம் நிற்கும்போது மார்பு கட்டிக்கொள்ளும். ஆபீஸில் கதவைத் தாழிடக்கூடிய இடம் கழிவறை ஒன்றுதான். பாலை வாஷ்பேசினில் பீச்சிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து நோட்டை எண்ணுவேன். சாயங்காலம் கேஷ் டாலியாகும். அன்றைய தேதிக்கு நான் ஆஜர்.

இந்த ஏட்டைக் குறைசொல்லும்போதே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது எனக்குக் கிடைத்த பாக்கியமும்கூட. எங்கள் கிளையைப் பெருக்கித் துடைக்கிற பெண் தினக்கூலி. எனக்கு இரண்டு மாதம் கழித்து அவருக்கும் குழந்தை பிறந்தது. நாற்பதாம் நாள் துடைப்பத்தோடு வந்து நின்றார். தில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் பிரசவ லீவு உண்டு என்று சுப்ரீம் கோர்ட் 2000த்தில் தீர்ப்பளித்திருக்கிறது. முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்பது சட்டம். ஆனால் அந்த 80 நாளுக்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். அவர் கூலி சில்லறைச் செலவு வவுச்சரில் போகிறது. அவருக்கு வராத நாட்களைக் குறிக்கக்கூட ஒரு கட்டம் இல்லை.

நாட்களைக் கூட்டிக்கொண்டே போவதும் தீர்வாகத் தோன்றவில்லை. என் கணவரும் வங்கி ஊழியர்தான். அவருக்கு லீவு 15 நாள்; பதினாறாம் நாள் அவர் ஆஜர். என்னுடைய 6 மாதத்தை 12 ஆக்கினால், குழந்தை என்பது அம்மாவின் காரியம் என்ற ஏற்பாடு இரண்டு வீட்டிலும் இன்னும் 6 மாதம் கெட்டிப்படும். ஸ்வீடன் 1974இல் அம்மாவின் லீவைப் பெற்றோர் லீவாக மாற்றியது. அதை அப்பாக்கள் அதிகம் எடுக்கவில்லை. ஆகவே 1995இல், அப்பா எடுக்காவிட்டால் குடும்பத்துக்கே கிடைக்காது என்று ஒரு மாதத்தை ஒதுக்கிற்று. ஆண்களின் ஏட்டிலும் அந்தக் கட்டம் நிரம்பத் தொடங்கினால்தான் இண்டர்வியூ அறைக் கணக்கு குழம்பும் என்று நினைக்கிறேன்.

நவீனத் தமிழ்ச் சிறுகதைக்கு ஆபீஸ் புதிதல்ல. ஆதவனின் தில்லி ஆபீஸ்களையும் அவற்றின் சலிப்பையும் நாம் அறிவோம். என் வாசிப்புக்கு எட்டியவரை, கழிவறையிலிருந்து வந்து கவுண்ட்டரில் உட்காருகிற பெண் இன்னும் அந்தக் கதைகளுக்குள் வரவில்லை. எழுதியிருக்க வேண்டியவர்கள் அந்த மாதங்களில் ‘மௌனமாக’ இருந்திருப்பார்கள்.

ஆபீசர் பதவி உயர்வுக்கான சுற்றறிக்கை இந்த வருஷமும் வந்திருக்கிறது. தேர்வானால் மாற்றல், எந்த ஊர் என்று தெரியாது. எங்கள் கிளையில் என்னைவிட மூத்த பெண்கள் இரண்டு பேர் ஒவ்வொரு வருஷமும் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். பிரசவ லீவு அவர்கள் சர்வீஸில் 15 வருஷத்துக்கு முன்பே முடிந்துபோன விஷயம் என்று பதிவேடு சொல்லும். என் குழந்தைக்கு இப்போது 3 வயது. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். கடைசித் தேதிக்கு இன்னும் 9 நாள் இருக்கிறது.