தாத்தாப்பூ

பள்ளி மைதானத்து ஓரம், ரயில் தண்டவாளச் சரிவு, கிணற்றடி, நடைபாதைக் கல் இடுக்கு என்று தாத்தாப்பூ முளைக்காத இடமே தமிழ்நாட்டில் அரிது. காம்பை மடக்கிச் சுண்டி 'தாத்தா தலையை வெட்டு' என்று விளையாடிய பிள்ளைகள் எத்தனையோ பேர். அரிவாள் பட்ட விரலில் அதன் இலைச்சாற்றைப் பிழிந்துவிட்ட பெரியவர்களுக்கு அது வெட்டுக்காயப் பூண்டு. இவ்வளவு சொந்தமாகிவிட்ட செடிக்குத் தாயகம் மெக்சிகோவும் அதையொட்டிய வெப்பமண்டல அமெரிக்காவும்தான். 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அதை 'டிரைடாக்ஸ் புரொகம்பென்ஸ்' என்று நூலில் ஏற்றினார்.

சூரியகாந்தியின் குடும்பம் இது. ஒற்றைப் பூவாகத் தெரிவது பூக்களின் கூட்டம். ஓரத்தில் வெளிறிய இதழ்கள், பெரும்பாலும் ஐந்து. ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல். நடுவில் மஞ்சளாகக் குட்டிக் குட்டிக் குழாய்ப்பூக்கள். வெளிவட்டம் முதலில் விரியும். உள்ளே இருப்பவை மொட்டாகக் காத்திருந்து அடுத்தடுத்து மலரும். நகக்கண் அளவே உள்ள நீல வண்ணத்துப்பூச்சி ஒன்று, உறிஞ்சுகுழலை ஒவ்வொரு குழாயிலும் விட்டெடுத்தபடி அந்த வட்டத்தைச் சுற்றி வருவதைக் குனிந்து பாருங்கள். கால் மரத்தாலும் எழுந்திருக்க மனம் வராது.

பூ வாடியதும் பச்சைச் செதில்கள் மூடிக்கொள்கின்றன. விதை முற்றினால் அவை பின்னால் மடிந்து, உள்ளிருந்து பஞ்சு உருண்டை வெளிவரும். விதை இரண்டு மில்லிமீட்டர்தான். அதன் தலையில் இறகு இறகாக மயிர். லேசான காற்றே போதும், கிளம்பிவிடும். காற்று இல்லாத நாளிலும் செடி சும்மா இருப்பதில்லை. தண்டு தரையோடு ஊர்ந்து, கணு மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் பிடிக்கிறது. பிடுங்கினால் நடுவில் ஒடிந்து, மண்ணில் நின்ற துண்டு மறுபடி துளிர்க்கும்.

ஆனால் விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். அடர்ந்த புல்லும் புதரும் அதற்கு ஆகாது. மிதிபட்ட, செதுக்கிய, மொட்டை மண்தான் வாகு. சுத்தம் செய்கிறோம் என்று நாம் சுரண்டச் சுரண்ட, அதற்குப் பாத்தி கட்டிக் கொடுக்கிறோம்.

பயிருக்குள் புகுந்தால் விவசாயிக்கு அது களை, சந்தேகமில்லை. அமெரிக்க அரசின் தீங்குக் களைப் பட்டியலிலும் அது இருக்கிறது. ஆனால் ஊருக்குள் காலி மனையிலும் பூங்காவிலும் அதன் மேல் களைக்கொல்லி அடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சித்திரை வெயிலில் மற்றவை கருகிக் கிடக்கும்போதும், கொஞ்சம் ஈரம் கிடைத்தால் இது பூக்கும். சின்ன வண்ணத்துப்பூச்சிகளுக்கு அந்த நாட்களில் வேறு தேன் எங்கே இருக்கிறது?

எங்கள் தெருப் பூங்காவில் சுவரோரமாக இரண்டு முழத்தை வெட்டாமல் விடச் சொல்லி வாதாடிக்கொண்டிருக்கிறேன். செடியைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அது எப்படியும் வந்துவிடும். வெட்டியபின் மறுபடி பூக்கும்வரை அந்தப் பூச்சிகள் எங்கே போகும் என்பதுதான் கவலை.