முதல் சுற்றோடு ஊர் திரும்பியவர்கள்

மத்திய அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கப் போனால் முதலில் படிவம் எண்ணைத்தான் கேட்பார்கள். நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1. மாநிலத்துக்காக ஆடியவருக்குப் படிவம் 2. பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்குப் படிவம் 3. மாநிலப் பள்ளி அணிக்காக ஆடியவருக்குப் படிவம் 4. இந்த வரிசைக்கு அடிப்படை 1980இல் வந்த ஒரு குறிப்பாணை. கல்லூரிக்காக ஆடியவருக்கென்று இதில் ஒரு வரி கிடையாது. நான்கு வருடம் கல்லூரி ஜெர்சி போட்டு ஆடியிருக்கலாம், கால்முட்டி கிழிந்திருக்கலாம். பல்கலைக்கழக அணியின் 12 பேரில் ஒருவராக வந்தால்தான் அதற்குக் காகித மதிப்பு.

காரைக்குடியில் எங்கள் செட்டில் கபடி ஆடியவர்களுக்கு இது மனப்பாடம். நான் படித்தது ஊருக்கு வெளியே இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில். ஏழு பேரில் நான் வலது மூலை. மூலையில் நின்று காலைப் பிடிப்பது என் வேலை, அதில் சுமார்தான். எங்கள் டீமின் ரெய்டர் திருப்பத்தூர் ரோட்டில் ஒரு கிராமத்துப் பையன். நாங்கள் ஒருவரையொருவர் பங்காளி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஊர் ஊராகப் போய் ஆடி வளர்ந்தவன். போனஸ் கோட்டில் கால் வைக்கிற மாதிரி காட்டிவிட்டு, திரும்பும்போது கையால் ஆளைத் தொட்டுவிட்டு வருவான். அவன் அப்பாவுக்கு நிலம் கொஞ்சம், அதில் தண்ணீர் அதைவிடக் கொஞ்சம். பங்காளிக்குப் படிவம் 3 என்பது போஸ்டல் டிபார்ட்மென்ட்டோ ரயில்வேயோ, ஏதோ ஒரு வாசல்.

அந்த வாசலின் சாவி இருப்பது டெல்லியில். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், ஏஐயு. 1925இல் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான வாரியமாகத் தொடங்கி, 1973இல் இப்போதைய பெயருக்கு மாறியது. வெளிநாட்டுப் பட்டத்துக்கு நெடுங்காலம் இணைச் சான்றிதழ் கொடுத்துவந்ததும் இவர்கள்தான், பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகளை நடத்துவதும் இவர்கள்தான். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு மண்டலம். அங்கே ஜெயித்து வந்தவர்களுக்கு அகில இந்தியப் போட்டி. மொத்தத்தில் சிறந்த பல்கலைக்கழகத்துக்கு 1956-57இலிருந்து மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை. அது பெரும்பாலும் போய்ச் சேர்ந்த இடங்கள் அமிர்தசரஸ், பாட்டியாலா, சண்டிகர்.

இந்த அமைப்பின் கண்ணுக்குத் தெரிகிற மிகச் சிறிய பொருள் பல்கலைக்கழகம்தான். அதற்குக் கீழே கல்லூரி என்று ஒன்று இருப்பது அதற்குத் தேவையில்லாத விவரம். ஆனால் எல்லாப் பல்கலைக்கழகமும் ஒரே அளவா?

காரைக்குடியையே எடுத்துக்கொள்வோம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947இல் இங்கே கலைக் கல்லூரியைத் தொடங்கினார். 1952இல் பொறியியல் கல்லூரி வந்தது. மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலம் கொடுத்தார். உடற்கல்விக்கென்று தனிக் கல்லூரியும் அவர் வளாகத்தில் உண்டு. சென்னைக்குப் போகாமலே இந்த வறண்ட பூமியில் பிள்ளைகள் படிக்கட்டும் என்பது அதன் பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். 1985இல் அது அழகப்பா பல்கலைக்கழகமாக ஆனது. சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் கலைக் கல்லூரிகள் அதன்கீழ் வருகின்றன. அதே ஊரில் இருக்கும் பொறியியல் கல்லூரிகளோ அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பில். தமிழ்நாடு முழுக்க நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கபடி அணி, 12 பேர். சராசரியாக முப்பத்து மூன்று கல்லூரிக்கு ஒரு ஆள். ஒரே ஒரு வளாகம் மட்டுமே வைத்திருக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும் அதே 12. பக்கத்துத் தெருப் பையன் பி.ஏ. தமிழ் சேர்ந்தால் ஒரு கணக்கு, பி.இ. மெக்கானிக்கல் சேர்ந்தால் வேறு கணக்கு. இருவரும் சாயந்திரம் ஆடுவது ஒரே செம்மண்ணில்தான்.

நூற்றுக்கணக்கான கல்லூரிகளை வைத்துக்கொண்டு யாராலும் எல்லாரையும் எல்லாரோடும் ஆட விட முடியாது. அதனால் மண்டலம் பிரித்து, நாக்-அவுட். இரண்டு நாளில் முடிந்துவிடும், செலவும் கம்மி. அதன் இன்னொரு பக்கத்தை நான் மூன்றாம் வருடத்தில்தான் பார்த்தேன். முதல் சுற்றில் எங்களுக்கு விழுந்த கல்லூரி, கபடிக்காரர்களுக்கு ஃபீஸ் இல்லாமல் சீட் கொடுத்துக் கூட்டி வருகிற கல்லூரி. பங்காளி தனியாகவே 14 பாயிண்ட் எடுத்தான். 31-34 என்று தோற்றோம். ரெஃப்ரி நியாயமாகத்தான் ஊதினார். அவர்களும் நன்றாகத்தான் ஆடினார்கள். காலை ஒன்பதரைக்கு இறங்கி, இடைவேளையோடு சேர்த்து ஐம்பது நிமிடத்தில் அந்த வருடத்துக் கபடி முடிந்தது. பதினோரு மணிக்குக் காரைக்குடி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம்.

பி.டி. சார் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: "உன்ன ஒருத்தர் பாக்கணும்னா, அவர் பாக்கும்போது நீ கிரவுண்டுல இருக்கணும்ல தம்பி. நாம பஸ்ல இருக்கோம்."

பங்காளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மானாமதுரை தாண்டும்வரை பேசவில்லை. அப்புறம், "டிக்கெட்டுக்கு யாரு காசு குடுத்தா?" என்று மட்டும் கேட்டான்.

வேலைக்கு வந்த பிறகு, அமெரிக்க டீமில் ஒருவரோடு தினமும் மீட்டிங் இருந்தது. ஒரு நாள் கால் தொடங்கக் காத்திருந்தபோது, தான் கல்லூரியில் கூடைப்பந்து ஆடியதாகச் சொன்னார். எந்த அளவில் என்று கேட்டேன். "சின்னக் கல்லூரி. என்ஏஐஏ" என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் டிவியில் வரும் என்சிஏஏ மட்டும்தான். இது வேறாம். அன்று ராத்திரி உட்கார்ந்து அதைப் பற்றி நிறையப் படித்தேன்.

கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தும் இன்னும் சிலரும் சேர்ந்து 1937இல் கன்சாஸ் சிட்டியில் சின்னக் கல்லூரிகளுக்காக ஒரு போட்டி நடத்தினார்கள். எட்டு அணிகள். அடுத்த வருடமே 32 ஆனது. 1940இல் அது ஒரு சங்கமானது, 1952இல் மற்ற விளையாட்டுகளையும் சேர்த்துக்கொண்டு என்ஏஐஏ ஆனது. இன்றும் இருநூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் இருக்கின்றன. பெரிய பல்கலைக்கழகங்களோடு மோதி நாங்கள் ஜெயிக்கப் போவதில்லை, அதற்காக ஆடாமல் இருக்கவும் போவதில்லை, எங்களுக்குள் ஆடிக்கொள்கிறோம் என்பதுதான் யோசனை. ஸ்காட்டி பிப்பனும் டென்னிஸ் ராட்மேனும் இந்தச் சின்னக் கல்லூரிகளில் ஆடித்தான் என்பிஏவுக்குப் போனார்கள்.

அதுவும் சொர்க்கம் இல்லை. ஆரம்பத்தில் கறுப்பின மாணவர்கள் அந்தப் போட்டியில் ஆட முடியாது. 1947இல் இண்டியானா ஸ்டேட் கல்லூரிக்கு அழைப்பு வந்தது. அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற கறுப்பின மாணவர் இருந்தார். அவரை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று கோச் ஜான் வுடன் அழைப்பை மறுத்தார். 1948இல் விதி மாறியது, வாக்கர் ஆடினார். 1953இல் கறுப்பினக் கல்லூரிகளையே உறுப்பினராகச் சேர்த்தார்கள். அவற்றில் ஒன்றான டென்னசி ஏ அண்ட் ஐ 1957, 58, 59 என மூன்று வருடம் தொடர்ந்து கோப்பையைத் தூக்கியது. சின்னதாக இருப்பதால் ஒரு சங்கம் தானாக நியாயமாகிவிடாது என்பதற்கும், வாசலைத் திறந்துவிட்டால் யார் உள்ளே வருவார்கள் என்பதற்கும் இதுவே உதாரணம்.

இங்கே அப்படி ஒன்று வேண்டும் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். பணம் யார் தருவது, பி.டி. சாருக்கு லீவு யார் தருவது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். அதனால் என் தொழிலுக்குத் தெரிந்த கணக்கை மட்டும் சொல்கிறேன். 32 அணிகள் நாக்-அவுட் ஆடினால் மொத்தம் 31 மேட்ச். 16 அணிகளுக்கு வருடத்துக்கு ஒரே மேட்ச். அதே 32 அணிகளை நான்கு நான்காக எட்டுக் குழுவாகப் பிரித்து, குழுவுக்குள் எல்லாரும் எல்லாரோடும் ஆடினால் 48 மேட்ச். குழுவில் ஜெயித்த எட்டுப் பேர் நாக்-அவுட் ஆட இன்னொரு 7. ஆக 55. கூடுதல் 24 மேட்ச்தான். ஆனால் மிக மோசமான அணிக்கும் மூன்று மேட்ச் நிச்சயம். குழுக்களை அந்தந்தப் பக்கத்துக் கல்லூரிகளாகவே அமைத்தால் பஸ் செலவும் பெரிதாக ஏறாது. காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை, பரமக்குடி. எல்லாம் காலையில் போய் இரவில் திரும்புகிற தூரம்.

பங்காளி இப்போது காரைக்குடியில் ஒரு டைல்ஸ் கடையில் இருக்கிறான். படிவம் 3 வரவே இல்லை. நான்காம் வருடமும் இரண்டாவது சுற்றோடு பஸ் ஏறினோம். சாயந்திரம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறான். போன தை மாதம் போன் செய்தான்.

"பங்காளி, எட்டு டீம் வர்றாங்க. ரெண்டு நாளு. எல்லாருக்கும் மூணு மேட்ச் வர்ற மாதிரி ஒரு ஷெட்யூல் போட்டுத் தாடா."

"நாக்-அவுட்னா ஏழு மேட்ச்ல முடிஞ்சிரும். இப்படின்னா செமி ஃபைனல், ஃபைனலோட பதினஞ்சு வரும். லைட்டு வாடகை தாங்குமா?"

"அதெல்லாம் கேட்டியா நான்? தோத்தவன் மறுநாளும் ஆடணும். அவ்வளவுதான்."

இரண்டு குழு, குழுவுக்கு ஆறு மேட்ச். ஒரே டீமுக்கு அடுத்தடுத்து மேட்ச் வராத மாதிரி மாற்றி மாற்றிப் போட்டு அனுப்பினேன். முதல் நாள் இரண்டிலும் தோற்ற ஓர் அணி, மறுநாள் காலை ஏழரைக்கே வந்து கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருந்தது என்று போட்டோ அனுப்பியிருந்தான். மூன்றாவது மேட்ச்சில் அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். பதிலுக்கு லைட் வாடகை ரசீது வந்தது, பாதி நீ அனுப்பு என்ற குறிப்போடு.