தறி நின்ற சனிக்கிழமை இரவுகள்

கர்நாடக இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மயிலாப்பூரிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ தொடங்குகிறார்கள். நான் ஆரணியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. கமண்டல நாக நதிக்கரையில், தறிச் சத்தத்தோடு விடிந்து தறிச் சத்தத்தோடு அடங்கிய பட்டு நெசவு ஊர். சென்னையின் சபாக்கள் 100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தன. எழுபதுகளில் எங்கள் வீட்டுக்குள் சங்கீதம் வர ஒரே வழி, மாடத்தில் இருந்த வால்வு ரேடியோ.

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கியது. 1952-இல் தில்லியிலிருந்து தேசிய இசை நிகழ்ச்சி வரத் தொடங்கியது. சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு. அதே ஆண்டு தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரைப்பாடல்களைக் கிட்டத்தட்ட வெளியேற்றினார். நேயர்கள் இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957-இல் விவித பாரதியைத் தொடங்க வேண்டிவந்தது. மக்களின் ரசனையை அரசாணையால் திருத்த முடியும் என்று நம்பியது அதிகார மனோபாவம்தான். ஆனாலும் அந்தப் பிடிவாதத்தின் பலன் எங்கள் தெருவரை வந்து சேர்ந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

குழித்தறி ஓடும்போது ரேடியோ கேட்காது. ஆகவே கேட்பதென்றால் தறியை நிறுத்த வேண்டும். கூலி புடவைக் கணக்கில். நின்ற நேரத்துக்குக் காசில்லை. அப்பா இதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். தார் சுற்றுவது, அறுந்த இழை முடிவது போன்ற சத்தமில்லாத வேலைகளை இலக்கியச் சொற்பொழிவு நேரத்துக்கென ஒதுக்கி வைப்பார். கச்சேரிக்கு மட்டும் அந்தச் சலுகையும் கிடையாது. ஆலாபனை தொடங்கினால் கை சும்மா இருக்கும். தீபாவளிக்கு முன்னால், முதலாளியிடம் புடவையை ஒப்படைக்கும் நாள் நெருங்கும்போது, அம்மாவுக்கும் அவருக்கும் இதனாலேயே சண்டை வரும். அம்மாவின் கணக்கில் பிழையில்லை. ஒன்றரை மணி நேரம் என்பது வீட்டில் அரிசி.

அப்பா ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவரல்ல. அகம், புறம் என்ற சொற்களை அவர் வானொலி உரைகளில்தான் முதலில் கேட்டார். பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் அடங்கும்படி எழுதி வாசிக்கப்பட்ட அந்த உரைகளில் ஒரு மரியாதை இருந்தது. கேட்பவருக்கு விஷயம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் புரியாது என்று பேசுகிறவர் நினைக்கவில்லை. தி. ஜானகிராமன் போன்றவர்கள் வேலை பார்த்த நிறுவனம் அல்லவா!

மேடையில் பாடும் வித்வாம்சினி உடுத்தியிருந்த பட்டு எங்கள் ஊர்த் தறியில் நெய்ததாக இருந்திருக்கலாம். நெய்தவர் சபா வாசலைக்கூடப் பார்த்ததில்லை. அவரையும் முன்வரிசை ரசிகராக நடத்தியது வானொலிதான்.

இன்று பிரசார் பாரதியின் செயலியில் பல ஊர் நிலையங்களைக் கைபேசியில் கேட்கலாம். பழைய கச்சேரிகள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. இதைக் குறை சொல்ல மாட்டேன். அப்பாவுக்குக் கிடைத்திருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் பாதியில் நிறுத்தி அடுத்ததற்குத் தாவும்போது எனக்கு ஒரு கேள்வி எழுகிறது: இந்தக் கல்யாணிக்காக நான் எந்த வேலையை நிறுத்தி வைத்தேன்? பெரும்பாலும் எதையுமில்லை.