அடிமண்

நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்துக்காரர்களுக்குக் கடல் பெரும்பாலும் பிறர் சொல்லிக் கேட்ட விஷயம். எங்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறு. பாறையை வெட்டி அறுபது எழுபது அடிக்கு இறக்கிய, நாலு பக்கமும் சுவருள்ள தண்ணீர். முதுகில் சுரைப்புருடையைக் கட்டிக்கொண்டு அதில் நீச்சல் பழகிய பையன்கள், புருடையை அவிழ்த்தெறிந்த நாளிலிருந்து ஒரே போட்டிதான் போடுவார்கள். மூச்சை அடக்கி அடிவரை போய் ஒரு கை மண்ணை அள்ளி வரவேண்டும். மண் இல்லாமல் வந்தவன் போனதாகக் கணக்கில்லை. மூழ்குவதைப் பற்றி எங்கள் உடம்புக்குத் தெரிந்த இலக்கணம் இவ்வளவுதான்: மூச்சை அடக்கு, எதையாவது எடுத்து வா.

போன வருஷம் நண்பன் ஒருவனோடு ஆத்தூர், கள்ளக்குறிச்சி வழியாகப் புதுச்சேரிக்குப் போய்க் கடலுக்குள் ஸ்கூபா இறங்கியபோது, இந்த இரண்டு விதிகளையும் கரையிலேயே விட்டுவிடச் சொன்னார்கள். இருவருக்கும் அந்தக் கடல் புதிது. சொல்லிக்கொடுத்த இளைஞர் முதலில் சொன்னது, எக்காரணம் கொண்டும் மூச்சைப் பிடிக்காதீர்கள் என்பது. இரண்டாவது, எதையும் தொடாதீர்கள், எடுக்காதீர்கள்.

முதல் விதிக்குக் காரணம் எளிய பௌதிகம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் உள்ளதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து நிரப்பிய காற்றை நெஞ்சில் அடைத்துக்கொண்டு மேலே வந்தால், அது இரு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். கிணற்றில் மூழ்குகிறவனுக்கு இந்த அபாயம் இல்லை. அவன் மேற்காற்றைக் கொண்டுபோகிறான். அது ஆழத்தில் சுருங்கி, திரும்பும்போது பழைய அளவுக்கே வந்து சேர்கிறது. 1943ல் பிரான்சில் கூஸ்தோவும் காஞ்ஞானும் உருவாக்கிய கருவி, கேட்கும்போது கேட்கும் அளவுக்கு, அந்தந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றைக் கொடுக்கிறது. உடம்பு அதுவரை கற்றதற்கு நேர்மாறாக நடந்தால்தான் உயிர் தங்கும்.

நண்பனுக்குக் காற்று புதிதல்ல. அவனுக்கு ரிக் லாரித் தொழில். திருச்செங்கோட்டு ஆழ்துளை வண்டிகள் பல மாநிலங்களில் பூமியைத் துளைப்பவை. லாரி மேலுள்ள கம்ப்ரஸரின் காற்றுதான் சுத்தியலைப் பாறைக்குள் அடித்து இறக்கி, தூளை மேலே தள்ளுகிறது. சிலிண்டரில் ஆக்ஸிஜன் இல்லை, அழுத்திய சாதாரணக் காற்றுதான் என்று கேட்டதும் அவனுக்குப் பயம் தெளிந்துவிட்டது. மானியில் 200 பார் காட்டியதைப் பார்த்து, "நம்ம வண்டியில இருக்கறதப் போலப் பத்து மடங்குடா" என்றான்.

முதல்முறை இறங்குகிறவர்களை 12 மீட்டருக்குக் கீழே விடுவதில்லை. கிணற்றுக் கணக்கில் நாற்பது அடி. ஆனால் சுவர் இல்லை. கலங்கலான பச்சை வெளிச்சத்தில் எந்தப் பக்கமும் எல்லை இல்லாதிருப்பதுதான் முதல் அதிர்ச்சி. நண்பன் மணிக்கட்டில் கட்டியிருந்த சிவப்புக் கயிறு கருத்துப்போயிருந்தது. நிறங்களில் சிவப்பைத்தான் தண்ணீர் முதலில் தின்கிறது. எங்கோ ஒரு படகு போயிற்று. காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாக ஒலி வருவதால் எத்திசை என்று காது சொல்லவில்லை. மீன்கூட்டம் ஒன்று எங்களைச் சுற்றிப் பிரிந்து சேர்ந்தது. சந்தோஷத்தில் நண்பன் கட்டைவிரலை உயர்த்தினான். நீருக்குள் அதற்கு அர்த்தம் 'மேலே போகவேண்டும்' என்பது. இளைஞர் உடனே அவன் தோளைப் பிடித்து மேலே தூக்கத் தொடங்க, தலையை ஆட்டி ஆட்டி மறுத்தான். சொற்கள் இல்லாத இடத்திலும் அர்த்தப்பிழை உண்டு.

இரண்டாவது விதிதான் என்னைவிட்டுப் போகவில்லை. எடுக்காமல் திரும்புவது. அகநானூற்றில் வலம்புரிக்காக மூழ்கும் பரதவர் வருகிறார்கள். கொற்கை அவர்களை ஆரவாரத்தோடு எதிர்கொள்கிறது. முத்து, சங்கு, பிறகு பவளப்பாறை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பாறையை வெட்டி எடுத்தார்கள். அங்குள்ள 21 தீவுகளில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் நீருக்குள் அமிழ்ந்தபோது, இந்த வெட்டுதலை ஒரு முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். 2001ல் பவளப்பாறைகளை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள்.

கரையில் இருப்பவர்களை மட்டும் சொல்வானேன். நாங்கள் மண்ணெடுத்த கிணற்றில் இப்போது தண்ணீர் இல்லை. சுற்றிலும் ஆயிரம் அடி தாண்டிய குழாய்கள். அவற்றில் இரண்டை இறக்கியது நண்பனின் வண்டி. அவனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. காய்ந்த காட்டை வைத்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டவர்களுக்கு வேறு வழியும் தெரிந்திருக்கவில்லை. ஆனால் கிணற்றை வற்றவைத்ததும் அழுத்திய காற்றுதான், கடலடியில் எங்களை உயிரோடு வைத்ததும் அழுத்திய காற்றுதான் என்பதை அவனும் நினைத்திருக்க வேண்டும். திரும்பும் வழியில், ஆத்தூர் தாண்டிய பிறகு, தன் பையனுக்கு நீச்சல் தெரியாது என்று மட்டும் சொன்னான்.

கவிதைக்குள் போய் வருகிறவனையும் நாம் இப்படித்தான் நடத்துகிறோம் என்று தோன்றுகிறது. கரையில் நின்றுகொண்டு, கையை விரி, என்ன கொண்டுவந்தாய் என்று கேட்கிறோம். கருத்தோ செய்தியோ ஒரு கைப்பிடி இருந்தால்தான் போனதாக ஒப்புக்கொள்கிறோம். போன இடத்தில் மூச்சு விட்டுக்கொண்டு, அங்கிருப்பதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவனுக்கு நம்மிடம் சாட்சி இல்லை. அவன் உடம்பில் நேர்ந்த மாறுதலைச் சாட்சியாக ஏற்கும் விமர்சனம் நமக்கு இன்னும் பழகவில்லை.

ஊர் வந்து சேர்ந்தபோது நண்பனின் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கிணற்றை வெட்டியவர்களில் அவரும் ஒருவர். "அவ்வளவு தூரம் போய்க் கடலுக்குள்ள எறங்கி, என்னடா கொண்டாந்தீங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்கப்பா" என்றான் நண்பன்.

அவர் எங்கள் இருவர் கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை.