பிழையும் ஒரு படியே

அரபு இலக்கணம் ஓதியோர் இரு சொற்களை அறிவர்: விதியை ஒப்பிட்டு அமைவது ‘கியாஸீ’, வழக்கில் கேட்டவாறே கொள்வது ‘ஸமாஈ’. மாலையில் என்னிடம் ஆங்கிலம் பயிலும் பிள்ளைகளின் பேச்சிலும் இவ்விரண்டையும் காண்கிறேன்.

“அவன் ஓடினான்” என்பதற்கு “ஹீ ரன்ட்” என்கிறான் ஒரு சிறுவன். இதை அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை. ‘வாக்’ என்பது ‘வாக்ட்’ ஆவதைக் கண்டு, தானே விதி வகுத்துக்கொண்டான். அது கியாஸீ. ‘ரான்’ என்பதோ ஸமாஈ. பன்முறை செவியில் விழுந்தாலன்றி நாவில் வாராது.

மொழியும் ஒருவகைப் பழக்கமே என 1957-இல் ஸ்கின்னர் எழுதினார். அவ்வழி நின்றோர் பிழையை முளையிலேயே கிள்ள முனைந்தனர். 1959-இல் சோம்ஸ்கி அக்கொள்கையை மறுத்தார். மாணவனின் பிழை அவனுள் உருவாகிவரும் மொழியின் அடையாளம் என்று 1967-இல் பிட் கார்டர் விளக்கினார்.

ஆதலின் நான் அச்சிறுவனைக் கடிவதில்லை. “ஆம், ஹீ ரான்” என்று சொல்லிப் பேச்சைத் தொடர்கிறேன். அச்சொல் பலகால் வரும் கதைகளைப் படித்துக் காட்டுகிறேன்.

மனப்பாடத்தை நான் இகழவில்லை. நெஞ்சில் நின்ற வாய்பாடு காலமெல்லாம் உதவும். ஆனால், பிழை கேட்டுப் பிறர் நகைத்தால் பிள்ளை மறுநாள் வாய் திறப்பதில்லை. பெற்றோர்களே, வீட்டில் அவன் தவறாகப் பேசும்போது நகையாதீர்கள். சரியான சொல்லை அன்போடு எடுத்துக் கொடுங்கள்.