பின்னால் வருகிற நட்சத்திரம்



நேற்று இரவு எட்டு மணி. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடி. பேரன் செல்போனை வானத்துக்கு நேரே பிடித்து, "பாட்டி, அந்தச் சிவப்பு நட்சத்திரம் பேரு அல்டெபரான்" என்றான். எனக்குச் சுருக்கென்றது.

முப்பது வருஷத்துக்கு முன்னால், திருச்சியில் ஆறாம் வகுப்பு. 'ரோகிணி: ஆங்கிலப் பெயர் அல்டெபரான்' என்று கரும்பலகையில் எழுதினேன். நத்தர்வலி தர்கா பக்கத்திலிருந்து வருகிற பையன் ஒருவன் எழுந்தான். சாயங்காலம் ஓதப் போகிற பிள்ளை. "டீச்சர், 'அல்'னு வருதே, அது அரபு டீச்சர்" என்றான். "எனக்கே பாடம் எடுக்கிறியா? உட்காருடா" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்த வருஷம் முழுக்க அவன் மறுபடி கேள்வி கேட்கவில்லை.

பல வருஷம் கழித்து அகராதியைப் பார்த்தபோதுதான் அவன் சொன்னது சரி என்று தெரிந்தது. அல்ஜீப்ராவில் வருகிற அதே 'அல்'. அரபியில் 'அல்-தபரான்' என்றால் பின்தொடர்வது. எதை? கார்த்திகையை. கிழக்கே கார்த்திகைக் கூட்டம் உதித்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ரோகிணி உதிக்கும். இரவு முழுக்க அதன் பின்னாலேயே போகும். நாமும் கார்த்திகை, ரோகிணி என்று அதே வரிசையில்தானே எண்ணுகிறோம்! அதன் ஒளி நம்மிடம் வந்து சேரச் சுமார் 65 ஆண்டுகள். கிட்டத்தட்ட என் வயது.

கார்த்திகை மாதத்துக் கார்த்திகை திருமங்கையாழ்வார் திருநட்சத்திரம். அடுத்து வரும் ரோகிணி நம் உறையூர் திருப்பாணாழ்வாருக்கு. காவிரிக்கரையில் தன்னை மறந்து நின்ற அவரை விலகச் சொல்லிக் கல்லெறிந்த லோகசாரங்கரே, பிறகு அவரைத் தோளில் சுமந்து அரங்கன் முன்னே கொண்டுபோனார் என்பார்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. கேட்டும் என்ன பயன்? நானும் ஒரு குழந்தை மேல் கல்லெறிந்தேன்.

அந்த வகுப்பில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவனிடம் காட்டுங்கள். "நீ சொன்னதுதான் சரி, டீச்சர்தான் தப்பு" என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இன்று இரவு கிழக்கே பாருங்கள். கார்த்திகைக்குக் கீழே சிவப்பாகத் தெரியும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்